மழைநீர்த் தொட்டித் திறப்பு விழா

உலகில் நீரைக் காத்தவர்கள் பலர். ஆனால் ஒரு வறட்சியையே "சிறப்பாக நடத்தி முடித்த" பெருமை எங்கள் சங்கத் தலைவர் தவரத்தினம் அண்ணைக்கே உரியது. செயலாளர் என்ற முறையில் இதைப் பணிவோடு பதிவுசெய்கிறேன்.

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில் அவருக்குப் புடவைக்கடை. புறநகரான சார்செல் பக்கத்தில் எங்கள் சங்கத்துக்கு ஒரு தோட்டம். இந்தக் கோடையில் மழையே இல்லை. ஓஸ்பைப் பிடித்துத் தண்ணீர் பாய்ச்சக் கூடாது, மரக்கறிக்கு மட்டும் பொழுதுபட்டபின் பூவாளியால் ஊற்றலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. தலைவர் கடையின் நிலவறையில் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"அவங்கள் பூவாளி எண்டால் நாங்கள் அதுவும் இல்லை எண்டு சொல்லுவம். தமிழர் ஒரு படி மேலை நிக்க வேணும்!"

"அப்ப என்ரை மிளகாய்க் கண்டுகள், அண்ணை? நீங்கள் ஒரு வழி சொல்லுங்கோ" என்றார் கமலராணி. உணவகத்தில் பாத்திரம் கழுவுபவர். தேர்த்திருவிழா அன்னதானத்துக்குத் தன் தோட்டத்துப் பச்சைமிளகாய் தருவதாகக் கோயிலுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

"பொறுங்கோ தங்கச்சி. மழைநீர்த் தொட்டி வருது."

தொட்டி வந்தது. மழைதான் வரவில்லை. ஆனால் திறப்பு விழாவுக்குச் சுற்றாடல் அதிகாரி மெலானி வருவதாகச் சொல்லிவிட்டார். வெறுந்தொட்டியைத் திறக்கச் சொல்வது விருந்தினருக்கு அவமதிப்பு அல்லவா? ஓஸ்பைப் போட்டு நிரப்பினோம். அறிக்கையில் அதைத் "தொழில்நுட்ப மழை" என்று குறித்தேன்.

"நீர் சேமிப்போம்" என்ற பதாகையின் கீழ் மெலானி தொட்டியின் குழாயைத் திறந்தார். தலைவர் பேசத் தொடங்கினார். பிரதம விருந்தினர் திறந்து வைத்ததை இன்னொருவர் மூடுவது மரியாதையா? மூடவில்லை. தண்ணீர் கார்த் தரிப்பிடத்தை நோக்கிக் கம்பீரமாக நடந்தது.

கமலராணி ஓடிவந்து பூவாளியைக் குழாயின் கீழ் வைத்தார். தலைவர் அதைக் காலால் தள்ளினார்.

"படம் எடுக்கினம், தங்கச்சி!"

"நாங்கள் சேமிக்கிறம். நீர் ஊத்துறீர்!"

அதுவரை தலைவரை 'நீங்கள்' என்றே அழைத்தவர் கமலராணி. பதாகையில் உள்ள நீர்தான் என்று நினைத்து நாங்கள் பலமாகக் கைதட்டினோம்.

"என்ன சொல்கிறார்?" என்று மெலானி என்னிடம் பிரெஞ்சில் கேட்டார்.

"மழைக்கு நன்றி சொல்கிறார், மதாம்."

கமலராணிக்கும் அவ்வளவு பிரெஞ்சு தெரியும். "மழை இல்லை, மதாம். பைப்புத் தண்ணி!" என்று அந்த மொழியிலேயே போட்டுடைத்தார்.

மெலானி வானத்தைப் பார்த்தார். தொட்டிக்குள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த ஓஸ்பைப்பைப் பார்த்தார். தலைவர் கலங்கவில்லை.

"பைப்புத் தண்ணியும் ஒருகாலம் மழைதானே, மதாம்!"

மெலானி குழாயை மூடி, மிச்சத்தை மிளகாய்க்கு ஊற்றச் சொன்னார். மிச்சம் இருக்கவில்லை.

அவர் போனதும் தலைவர் "ஒழுக்கமின்மையை" வன்மையாகக் கண்டித்துத் தோட்டத்துப் பைப்புக்கே பூட்டுப் போட்டார். தேருக்குக் கமலராணி கடை மிளகாயைத்தான் கொண்டுபோனார். அவர் கண்ணில் நீர் இருந்தது. அந்த நீர் எங்கள் சங்கத்தின் அதிகாரத்துக்கு உட்படாததால் குறிப்பில் சேர்க்கவில்லை.

வரும் ஞாயிறு தலைவருக்கு "நீர்க்காவலர்" பட்டம் சூட்டுகிறோம். தகுதியில் ஐயமில்லை. எங்கள் தோட்டத்தில் இப்போது ஒரு சொட்டும் வீணாவதில்லை. தண்ணீர் கேட்க ஒரு செடியும் உயிரோடு இல்லை.