முத்துலட்சுமி மதினியின் காரை உடைக்கப் போன கதை

மேடையில் நான் பேசும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணைத் துடைத்தால், என் பேச்சில் உருகிவிட்டார்கள் என்று நம்பிவிடுகிற ரகம் நான். முப்பத்தெட்டு வயது வரை இந்த வியாதி எனக்கு இருந்தது. அவனியாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பந்தலில், ஐம்பது அறுபது பேர் முன்னிலையில், ஒரே காலைப்பொழுதில் குணமானது.

மதுரையில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். (இன்றும் நடத்துகிறேன். சத்தம் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.) சில வருஷங்களுக்கு முன்னால் எங்களுக்குப் புதுக் கார் வாங்கும் ஆசை வந்தது. எங்களுக்கு என்றால் எனக்கு. என் மனைவி கயல், "ஸ்கூட்டரை நிப்பாட்டவே நம்ம வாசல்ல எடமில்ல, இதுல காரு வேறயா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த நேரத்தில்தான் ஷோரூம் மேனேஜர் ஒரு விஷயம் சொன்னார். பழைய காரை முறைப்படி உடைக்கக் கொடுத்தால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டினால் புதுக் காரின் சாலை வரியில் அரசாங்கம் சலுகை தரும். பழைய வண்டிகள் டீசலை மடக் மடக்கென்று குடித்துவிட்டுப் புகையைக் கக்குகின்றன. அவை ஒழிந்தால் ஊர்க் காற்று சுத்தமாகும் என்பதற்காக வந்த திட்டம். கேட்டதும் எனக்குள் இருந்த பொருளாதார நிபுணன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். நாட்டுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. ஒரே ஒரு குறை. உடைப்பதற்கு என்னிடம் பழைய கார் இல்லை.

முத்துலட்சுமி மதினியிடம் இருந்தது.

மதினி, கயலின் அக்கா. பரவையில் குடியிருப்பவர். சகலைக்கு ஒரு விபத்தில் கால் போய், இனி வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது, வீட்டில் வருமானமும் நின்றது, வாசலில் அவருடைய டீசல் காரும் நின்றது. மதினி இரண்டையும் ஒரே வாரத்தில் கிளப்பினார். பக்கத்து வீட்டு டிரைவர் ஒருவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டு, காரின் பின்சீட்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, தோட்டத்துக் கத்தரிக்காயையும் வெண்டைக்காயையும் மூட்டை மூட்டையாக அதில் ஏற்றி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார். முதல் நாள் சிரித்த லோடுமேன்கள், ஒரு மாதத்தில், இரண்டு லாரிகளுக்கு நடுவே அவர் ரிவர்ஸ் எடுக்கும் நேர்த்தியைப் பார்க்கத் தலைச்சுமையோடு நின்றார்கள். நானே நின்றிருக்கிறேன். ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே இன்னொரு கையால் பின்னால் சரிகிற மூட்டையைத் தாங்கிப் பிடிப்பார்.

வண்டிக்கு வயது என் கல்யாணத்தைவிட அதிகம். டிரைவர் பக்கத்துக் கதவை வெளியே இருந்துதான் திறக்க முடியும். பதிவைப் புதுப்பிக்க வேண்டிய நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கான கட்டணத்தையும் ஏற்றிவிட்டிருந்தார்கள். நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு பரவைக்குப் போனேன்.

"மதினி, இந்த வண்டி விடுற புகை எம்புட்டுன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன தம்பி, பின்னாடி வாரவன் தெனமும் வையிறான்ல."

"அதான் சொல்றேன். ஒடைக்கக் குடுத்துருங்க. இரும்பு வெலை உங்களுக்கு, சான்றிதழ் எனக்கு. நாட்டுக்குச் செஞ்ச சேவையா இருக்கும்."

மதினி வெண்டைக்காயைத் தரம் பிரித்துக்கொண்டே யோசித்தார். "குடுத்துட்டு, நாளைக்குக் காய எதுல ஏத்துறது?"

"புதுசு வாங்குங்க மதினி. அதான் அரசாங்கமே சலுகை தருதே!"

இதைச் சொன்னவன் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றவன் என்பதை இந்த இடத்தில் பதிவு செய்துவிடுகிறேன். மதினி சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. "படிச்சவுக சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்கும் இந்தப் புகை பிடிக்கல தம்பி. கொஞ்ச நாளைக்கு வாடகை வண்டி பாத்துக்கிறேன்" என்றார்.

ஷோரூம்காரர்கள் அதை ஒரு விழாவாகவே ஏற்பாடு செய்துவிட்டார்கள். அவனியாபுரம் தாண்டி, வண்டிகளை உடைக்கிற யார்டின் வாசலிலேயே பந்தல், நாற்காலி, மைக். அதிகாரி ஒருவர் வருகிறார். பழைய கார் உள்ளே போகும். வெளியே ரிப்பன் கட்டி நிற்கும் என்னுடைய புதுக் காரின் சாவியை அதிகாரி கையால் நான் வாங்க வேண்டும். அதற்கு முன்னால் ஐந்து நிமிடம் பேச வேண்டும். (நான்தான் கேட்டு வாங்கினேன்.)

"நானே ஓட்டிட்டு வாரேன் தம்பி" என்றார் மதினி. அது எப்படி? போட்டோவில் நான் அல்லவா பழைய காரில் வந்து இறங்க வேண்டும்? அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நானே ஓட்டினேன். பின்சீட் இல்லாததால் கயல் ஷேர் ஆட்டோவில் வந்தாள். காளவாசல் சிக்னலில் வண்டி மூன்று தடவை அணைந்து நின்றது. ஒவ்வொரு தடவையும் மதினி ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒவ்வொரு தடவையும் நான், "நீங்க பேசாம வாங்க மதினி, எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

யார்டு வாசலில் வண்டியின் பதிவுப் புத்தகத்தைக் காட்ட மதினி முதலில் இறங்கினார். இறங்கியதும் ஜன்னல் வழியாகக் குனிந்து, "தம்பி, நிப்பாட்டயில அந்தக் கறுப்பு..." என்று ஆரம்பித்தார்.

"மதினி, கார் நிப்பாட்டத் தெரியாதவனா நான்?"

பந்தலை ஒட்டி, என் புதுக் காருக்குப் பின்னால் இரண்டு முழம் தள்ளி நிறுத்தினேன். சாவியைத் திருகி உருவினேன். ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கதவைத் திறந்து, அலட்சியமாக இறங்கினேன்.

வண்டி நிற்கவில்லை. அந்தக் காலத்து டீசல் எஞ்சின்கள் சிலவற்றுக்குச் சாவி கிளப்புவதற்கு மட்டும்தான். நிறுத்துவதற்கு ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கறுப்புக் குமிழ் இருக்கும், அதை இழுக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. பக்கத்தில் ஒரு ஜெனரேட்டர், அதற்குப் பக்கத்தில் பாட்டுப் போட்ட ஸ்பீக்கர். அந்தக் காரோ நிறுத்தினாலும் உதறும் என்று நானே முடிவு செய்துவைத்திருந்தேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேடை ஏறினேன்.

"காற்று என்பது நம் பிள்ளைகளின் சொத்து" என்று ஆரம்பித்தேன். காற்று, வண்டி நின்ற பக்கம் இருந்து பந்தலுக்குள் வீசிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். நான் குரலைத் தாழ்த்தினேன். "புகையில்லா மதுரை நம் கனவு" என்றபோது அதிகாரியும் கைக்குட்டையை எடுத்தார். எனக்குப் புல்லரித்தது. இரண்டாவது வரிசையே விம்முவது போலிருந்தது. இருமல் என்று எனக்கு உறைக்கவில்லை. நான்காவது நிமிடத்தில் கடைசி வரிசை எனக்குத் தெரியவே இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு மேகம்தான் தெரிந்தது.

யார்டு ஊழியர் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். "அண்ணே, யாரு வண்டிண்ணே அது? ஓடிக்கிட்டே இருக்கு!"

நான் சாவியை எடுத்து மைக்குக்கு முன்னால் உயர்த்திக் காட்டினேன். "அதெப்படி ஓடும்? சாவி எங்கிட்டல்ல இருக்கு!"

ஸ்பீக்கரில் அது பந்தல் முழுக்கக் கேட்டது. ஸ்பீக்கர் ஓய்ந்ததும் மதினி வண்டியின் சத்தமும் கேட்டது.

இறங்கி ஓடி வண்டிக்குள் ஏறினேன். சாவியைப் போட்டுத் திருகினேன், மறுபடி திருகினேன். அப்போது டிரைவிங் ஸ்கூலில் படித்தது ஞாபகம் வந்தது: கியரைப் போட்டு கிளட்சைச் சட்டென்று விட்டால் எஞ்சின் அடைத்துக்கொண்டு நின்றுவிடும். நின்றுவிடும்தான், பிரேக்கை மிதித்திருந்தால். நான் கிளட்சை மட்டும் விட்டேன். பத்து மூட்டை கத்தரிக்காயை இழுத்துப் பழகிய எஞ்சின், என் புதுக் காரை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. இடித்தது, இடித்ததோடு நிற்காமல் தள்ளிக்கொண்டும் போனது. ரிப்பன் அறுந்தது. வாழைமரம் சாய்ந்தது. மதினி சேலையைச் செருகிக்கொண்டு பக்கத்திலேயே ஓடி வந்து, ஜன்னலுக்குள் கையை விட்டு, அந்தக் குமிழை ஒரே இழுப்பாக இழுத்தார்.

வண்டி நின்றது. என் பக்கத்துக் கதவையும் அவர்தான் திறந்துவிட்டார்.

கூட்டம் சிரிப்பதா இருமுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்துகொண்டிருந்தது. அதிகாரி, நல்ல மனிதர், நிலைமையைச் சமாளிக்க, "வண்டியோட உரிமையாளர் அம்மா ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்றார். மதினி அதற்கு முன் மைக்கைத் தொட்டதில்லை. அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மார்க்கெட்டில் பேசுவது போலவே பேசினார்.

"ஐயா, என் வண்டி புகை விடுதுன்னு எங்க தம்பி சொன்னாரு, வண்டியும் சொல்லிருச்சு. நான் இல்லைங்கல. அதை ஒழிக்கணும்னுதான் வந்தேன். ஒண்ணே ஒண்ணுதான் வெளங்கல. புகையை நிப்பாட்டுறது நானு. சலுகை தம்பிக்குப் போகுது. நேத்து வரைக்கும் அவருகிட்ட காரே கெடையாது, அவரு எந்தப் புகையையும் நிப்பாட்டல. நான் பத்து வருசத்து வண்டி ஒண்ணு, புகை கம்மியா விடுறதாப் பாத்து வாங்குனா எனக்கு எதுவும் இல்லைங்கிறாக. புதுசு வாங்குனாத்தான் சலுகையாம். புதுசு வாங்க முடிஞ்சவ, இத்தனை வருசம் இதை ஏன் உருட்டிக்கிட்டுக் கெடக்கப் போறேன்?"

யாரும் இருமவில்லை. இருபது வருஷம் நான் படித்தும் நடத்தியும் வந்த பாடத்தின் நடுமுடிச்சை அவர் ஒரு நிமிடத்தில் அவிழ்த்து வைத்துவிட்டார். என் வகுப்பில் ஒரு மாணவர்கூட இவ்வளவு தெளிவாக ஒரு கேள்வி கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அதிகாரி மழுப்பவில்லை. "நீங்க கேக்குறது ஞாயம்தாம்மா. நான் விதியை வாசிக்கிறவன், எழுதுறவன் இல்ல. உங்க கேள்வியை மேல எழுதி அனுப்புறேன். ஆனா ஒண்ணு, சான்றிதழ் உங்க பேருலதான் வரும். அதை யாருக்கும் சும்மா குடுக்கணும்னு இல்ல. வெலை பேசிக் குடுக்கலாம். இது உங்களுக்குத் தெரியும்ல?"

மதினிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஷோரூமில் சொல்லியிருந்தார்கள். மதினியிடம் சொல்ல மறந்துவிட்டேன். (மறந்துவிட்டேன் என்றுதான் எழுதியிருக்கிறேன். நீங்கள் எப்படி வேண்டுமானாலும் வாசித்துக்கொள்ளலாம்.)

மதினி திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் புரிந்துகொண்டார் என்பது எனக்குப் புரிந்தது. மைக் அவர் கையில்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் வாழைமரத்தோடு சாய்ந்திருப்பேன்.

"எங்க தம்பி சொல்ல மறந்திருப்பாரு. மேடையில பேசுறவுகளுக்கு ஆயிரம் யோசனை இருக்கும்" என்றார். பிறகு, "வேற வண்டி ஒண்ணு பாத்துட்டு நானே இதைக் கொண்டாந்து ஒப்படைக்கிறேன்யா. இன்னைக்கு எங்கூடயே வரட்டும்" என்று மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினார். அன்று விழுந்த ஒரே உண்மையான கைதட்டல் அதுதான்.

பின்பக்கம் நசுங்கிய என் புதுக் கார் டிங்கரிங்குக்காக ஷோரூமுக்கே திரும்பியது. எங்களைத் திரும்பக் கூட்டிவந்த வண்டியை மதினி ஓட்டினார், கயல் முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் சாக்கை மடித்துப் போட்டு நான் உட்கார்ந்தேன். என் பேச்சை மட்டும் செல்போனில் எடு என்று கயலிடம் சொல்லியிருந்தேன். அவள் கடைசிவரை எடுத்திருந்தாள். காளவாசலில் வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை.

பழங்காநத்தம் தாண்டும்போதே நான் வாயைத் திறந்துவிட்டேன். "மதினி, அந்தச் சலுகை எம்புட்டு வருதோ அம்புட்டும் உங்களுக்குத்தான். நான் சொல்லாம விட்டது தப்பு."

"தப்புதான்" என்றார் மதினி, கண்ணாடியில் என்னைப் பார்த்து. கொஞ்ச தூரம் போனதும், "தலையக் குனிங்க தம்பி, பின்னாடி வாரது தெரியல" என்றார்.

சொன்னபடியே கொடுத்தேன். அதோடு இரும்பு விலையும் ஒரு சின்னக் கடனும் சேர்ந்து, கேஸில் ஓடுகிற பழைய லோடு வண்டி ஒன்று மதினிக்கு வந்தது. ஐந்தாறு வண்டியைத் தானே ஓட்டிப் பார்த்து, புகைக்குழாயில் வெள்ளைத் துணியைப் பிடித்துச் சோதித்துத்தான் வாங்கினார். பழைய காரை யார்டுக்கு ஓட்டிக்கொண்டுபோய்க் குமிழை இழுத்து நிறுத்தியதும் அவரேதான். இப்போது பரவை மார்க்கெட்டில் பழைய வண்டியைக் கழிக்க நினைக்கிற யாரும் முதலில் மதினியைத்தான் பார்க்க வருகிறார்கள். சான்றிதழைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடாமல் எப்படி விலை பேசுவது என்று சொல்லிக்கொடுக்கிறார். மானியம் பற்றிய பாடத்தை நான் இப்போது அவருடைய கேள்வியில் இருந்துதான் தொடங்குகிறேன்.

அந்த வீடியோவைச் சகலை இதுவரை எத்தனை தடவை பார்த்திருப்பார் என்று தெரியாது. முதல் தடவை பார்த்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, சலுகை மாப்ள!" என்றார். அதோடு என் பழைய பெயர் ஒழிந்தது.

போன மாதம் எங்கள் மச்சினன் பிள்ளைக்குக் காதுகுத்து. மண்டப வாசலில் பெரிய ஃபிளெக்ஸ், வரவேற்கும் உறவினர் வரிசையில் கும்பிட்டபடி என் படம். படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'சலுகை மாப்ள' என்று போட்டிருந்தார்கள். அதற்கும் கீழே, பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரிகிற அளவில், அடைப்புக்குறிக்குள்: (பேராசிரியர்).