மூன்று சூரியனுக்கு ஒரு ராகு காலம்

கள்ளக்குறிச்சியிலிருந்து இன்னொரு கிரகத்துக்குப் பஸ் விட்ட ஒரே மனிதர் எங்கள் டைம்கீப்பர்தான். மற்றவர்கள் உளுந்தூர்பேட்டையைத் தாண்டவே யோசித்த காலம் அது.

பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு நேரம் பார்த்து விசில் ஊதுவது அவர் வேலை. என்னைவிட நாலு வயது இளையவர். அரை நிமிடத் தாமதத்தைக்கூடத் தாங்கமாட்டார். ஆபீஸ் முடிந்து வடக்கனந்தல் பஸ்ஸுக்கு நான் ஓடி வருவதைக் கண்ணால் பார்த்தபடியே விசில் ஊதுவார். "நாளைக்கு கொஞ்சம் சீக்கிரமா ஓடுங்க சார்" என்பார்.

அடுத்த பஸ் வரும்வரை அவர் கூண்டில் உட்கார்ந்து பேசியே சிநேகமானோம். என்னைப் போல அவரும் எழுத்தாளர். ஒரு கிரகத்தைப் பற்றிப் பதினோரு நோட்டு நிரப்பியிருந்தார். பஸ் ரூட், டீக்கடை, ரேஷன் கார்டு, சாக்கடை அள்ளும் நாள் எல்லாம் இருந்தன. மனிதர்கள் மட்டும் இல்லை.

"ஆளுங்க எங்கப்பா?"

"வூடு கட்டிக்கினு இருக்கறப்பவே குடி வெப்பாங்களா சார்?"

அந்தச் சமயம் ஒரு வார இதழ் என்னிடம் தொடர்கதை கேட்டது. ஒன்பது வருடம் கதைகள் திரும்பி வந்த பிறகு கிடைத்த வாய்ப்பு. மாதக் கடைசிப் புதன்கிழமைக்குள் முதல் அத்தியாயம் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக எழுதியிருந்தார்கள். நான் எழுதியது மூன்று சூரியன் உள்ள வேறொரு கிரகம். எல்லாரும் சமம் என்று ஆணையிட்ட ராஜா. அவர் மகளுக்குக் கல்யாணம். பாராட்டட்டும் என்று, புதன்கிழமைக் கெடுவையும் சொல்லி, டைம்கீப்பரிடம் காட்டினேன்.

"மூணு சூரியன்னா ராகு காலம் எப்போ சார்?"

"கதைல ராகு காலமே வரலப்பா."

"கல்யாணம் வருதே."

நாலு நாள் கணக்குப் போட்டார். அந்தக் கிரகத்தில் ஒரு நாளைக்குப் பதினோரு நிமிடம்தான் நல்ல நேரம் என்று தெரியவந்தது. ராஜா வீட்டுக் கல்யாணத்தைப் பதினோரு நிமிடத்தில் முடித்துக் கொடுத்தேன்.

அதற்குள் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டார்கள். பஸ் நின்றது, தபால் நின்றது. டைம்கீப்பர் நிற்கவில்லை. தினமும் வந்து, வராத பஸ்களுக்கு உரிய நேரத்தில் விசில் ஊதினார். ஸ்டாண்டில் மாட்டிக்கொண்ட ஜனங்கள் முதல் நாள் மூட்டையோடு எழுந்து ஓடினார்கள். பிறகு பழகிவிட்டது.

சாமை விற்க வந்து, வெள்ளிமலைக்குத் திரும்ப முடியாத ஒரு அம்மாவும் அங்கே இருந்தார். பொழுது போகட்டும் என்று அவருக்கு என் அத்தியாயத்தை டைம்கீப்பர் படித்துக் காட்டினார். நான் பக்கத்தில் அடக்கமாக உட்கார்ந்திருந்தேன்.

"அல்லாரும் சமம்னு ராஜா சொல்லிட்டாரு," என்றார் அந்த அம்மா. "அப்ப மலைக்காரப் பையனுக்கும் அரமனைல வேல குடுத்துட்டாங்களா?"

டைம்கீப்பர் என்னைப் பார்த்தார். "அரமனைல எத்தினி வேல காலி சார்?"

"அதெல்லாம் யோசிக்கலப்பா."

"வேல கம்மி, ஆளு ஜாஸ்தின்னா அங்கியும்தான் மரம் வெட்டிப் போடுவாங்க. அத எழுதுங்க."

எரிச்சலாக வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் எரிச்சல். மொத்தத்தையும் திருப்பி எழுதினேன். அரண்மனையில் பன்னிரண்டு வேலை. வாசலில் கிரகமே மனுவோடு நிற்கிறது. மறியலில் மாட்டிய மாப்பிள்ளைக்குப் பதினோரு நிமிடம் ஓடிக்கொண்டிருக்கிறது.

கடைசிப் புதனுக்கு முதல் நாள், செவ்வாய்க்கிழமை, பாதை திறந்தது. தபாலாபீசில் தபால் மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடந்தது. ஒரே வழி, காலை ஒன்பதரை மணி சென்னை பஸ். கண்டக்டரிடம் கொடுத்தால் பத்திரிகை ஆபீசில் சேர்த்துவிடுவார். வடக்கனந்தலிலிருந்து சைக்கிளை மிதித்தேன். வழியெல்லாம் கிளைகள். இறங்கித் தள்ளி, ஏறி மிதித்து, ஸ்டாண்டுக்குள் நுழைந்தபோது ஒன்பது முப்பத்தெட்டு. டைம்கீப்பரைத் தெரிந்தவன் என்பதால், ஒன்பது வருடமும் போச்சு என்றே நினைத்தேன்.

பஸ் நின்றுகொண்டிருந்தது. அதன் மூக்குக்கு முன்னால் டைம்கீப்பர் நின்றுகொண்டிருந்தார். விசில் சட்டைப்பையில் இருந்தது.

"இன்னா டைம்கீப்பரே, இன்னிக்குள்ள வண்டிய எடுக்கலாமா?" என்றார் டிரைவர்.

டைம்கீப்பர் என் கையிலிருந்த கவரை வாங்கிக் கண்டக்டரிடம் கொடுத்தார். பிறகு விசில் ஊதினார்.

தொடர் இருபத்திரண்டு வாரம் வந்தது. அவருடைய பன்னிரண்டாவது நோட்டிலும் யாரும் குடிவரவில்லை.

ஒருநாள் அவர் டீ குடிக்கப் போயிருந்தபோது கூண்டில் இருந்த தாமதப் பதிவேட்டைப் புரட்டினேன். அவர் கையெழுத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. சென்னை பஸ், எட்டு நிமிடம். காரணம்: ராகு காலம்.

செவ்வாய்க்கிழமை ராகு காலம் மத்தியானம் மூன்று மணிக்கு. மூன்று சூரியனுக்குக் கணக்குப் போட்ட மனிதருக்கு அது தெரியாமல் இல்லை.