அறுபத்து நாலே போதும், யூட்டே சித்தி

ஓர்ஹுஸ்,
ஜூன் 22, ஞாயிறு

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய யூட்டே சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் ரிக்கே எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீங்களும் ப்ரேபன் சித்தப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்றும், பாஸ்ஸேக்கு முதுகுவலி குறைந்து யாரும் தூக்கிவிடாமலே வாலை ஆட்டிக்கொண்டு சோபாவில் ஏறத் தொடங்கியிருக்கும் என்றும் நம்புகிறேன். அம்மா அப்பாவின் கல்யாண வெள்ளி விழாவுக்கு நீங்கள் கொண்டுவந்த மூன்றடுக்குக் கேக்கைப் பற்றி லெம்வி பக்கம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். மரியாதைக்குச் சொல்ல வேண்டியவை இத்துடன் முடிந்தன.

போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் 'ம்' கொட்டுவேன், கடைசியில் நீங்கள் சொன்னதற்கெல்லாம் நான் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். கடிதத்தில் யாரும் குறுக்கே வர முடியாது. வியாழக்கிழமை அம்மாவிடம் நீங்கள் சொன்னது எனக்கு வந்து சேர்ந்தது. செப்டம்பரில் உங்கள் வெள்ளி விழாக் காலையை நான் படம் எடுக்க வேண்டாம், என் டேப்லெட்டில் இடம் போதாது, நீங்கள் வாங்கியிருக்கும் புதியதில் ப்ரேபன் சித்தப்பாவே எடுத்துக்கொள்வார் என்றீர்களாம். சித்தி, அன்றைக்கு மாப்பிள்ளையே அவர்தான். ஊர் வாசலில் நின்று பாட, உள்ளேயிருந்து கதவைத் திறந்துகொண்டு வர வேண்டிய ஆள், ஒரு பலகையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ஊரைப் படம் எடுத்தபடி வரப்போகிறாரா? சரி, வரட்டும். அவருடைய கட்டைவிரல் எப்போதும் கேமராவின் மேலேதான் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? நூற்றிருபத்தெட்டு ஜிபி அளவுக்கு ஒரு கட்டைவிரலைச் சேர்த்துவைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் சொல்லும் விதத்தில் அது வேறு மாதிரி இருக்கிறது. மார்ச் மாதம் அறுபத்து நாலு ஜிபி டேப்லெட் வாங்கினேன். யோசித்துத்தான் வாங்கினேன். கடையில் இருந்தவர் பெரியது இருக்கிறதே என்று மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் தலையாட்டி மறுத்தேன். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் அந்த அறுபத்து நாலில் பதினாறில் ஏற்கெனவே அதன் சொந்தச் சாமான்களே குடியிருந்தன. பரவாயில்லை, எந்த வீட்டிலும் சுவருக்கென்று கொஞ்சம் இடம் போகத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். பத்தொன்பதாம் நாள் அதே கம்பெனி அதே விலைக்கு இரண்டு மடங்கு இடத்தோடு புதிதாக ஒன்றை இறக்கியது. கடையில் மாற்றிக்கொள்ளும் கெடு பதினான்கு நாள். இந்தத் தேதிகளை என்னைவிட நீங்கள்தான் நன்றாக மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். ஞானஸ்நானத்துக்கு வந்த பிள்ளையின் தொட்டிலில்கூட மாற்றிக்கொள்ளும் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறவர் நீங்கள். மறுநாளே கடைக்குப் போய்ப் புதியதை வாங்கி, எனக்குப் படம் எடுத்து அனுப்பினீர்கள். படத்தின் ஓரத்தில் சித்தப்பாவின் கட்டைவிரல்.

இனி அம்மா அப்பாவின் வெள்ளி விழாக் காலை. வழக்கப்படி அவர்களைப் பாட்டுப் பாடி எழுப்ப ஆறு மணிக்கு நாற்பது பேர் வீட்டு வாசலில் நின்றோம். அக்கம்பக்கத்தார் முந்தின நாள் கட்டிய ஊசியிலைத் தோரண வளைவும், அதன் உச்சியில் வெள்ளிக் காகிதத்தில் வெட்டிய இருபத்தைந்தும் நன்றாக விழும்படி நான் நின்றுகொண்டேன். ட்ரம்பெட் ஊதுகிற இரண்டு பேரும் வந்ததை எடுத்தேன். பாட்டு ஆரம்பித்ததை எடுத்தேன். கதவு திறந்தது, அப்பாவும் அம்மாவும், ஒன்றும் தெரியாதவர்கள் போல, இரவு உடையில் வந்து நின்றார்கள். அந்த நேரம் பார்த்துத் திரையில் 'இடம் இல்லை' என்று வந்தது. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நீங்களாகத்தான் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தீர்கள்.

"என்னடி ரிக்கே, எடுத்தியா இல்லையா?"

தலையை ஆட்டினேன். அந்த ஆட்டத்துக்கு 'இல்லை, விடுங்கள்' என்று அர்த்தம். நீங்களோ வாசலைப் பார்த்துத் திரும்பி, "அத்தான், அக்காவைக் கூட்டிக்கிட்டு உள்ளே போய்ப் படுங்க. மறுபடியும் முதல்லேர்ந்து" என்றீர்கள். இதில் என் தவறு எங்கே இருக்கிறது சித்தி? அவர்கள் உள்ளே போனார்கள். நாற்பது பேரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் அழிக்க உட்கார்ந்தேன். எதை வைப்பது, எதை எறிவது என்று ஐந்து வருஷம் படித்தவள் நான். ஆவணக் காப்பகத்தில் எனக்குச் சம்பளமே அதற்குத்தான். "குப்பையிலே போடறதுக்கு ஐந்து வருஷம் படிப்பா?" என்று சித்தப்பா என் பட்டமளிப்பு விருந்தில் கேட்டாரே, அதே படிப்புத்தான். அவ்வளவு படித்தும், நாற்பது பேர் பார்க்கும்போது கை ஓடவில்லை. ஒரு கொட்டகைக் கதவின் படத்தை அழித்தேன். இரண்டாம் முறை பாட்டு, கதவு, அம்மா அப்பா. பதினோரு நொடியில் மறுபடியும் இடம் இல்லை. திரும்பவும் உள்ளே அனுப்பினீர்கள். அதற்குள் உள்ளே ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது, ட்ரம்பெட்காரர்களுக்கு உதடு மரத்துப்போயிருந்தது. அந்தப் பதற்றத்தில்தான் பாஸ்ஸேயின் இருநூற்றுப் பதினான்கு படங்கள் போயின. அதற்காக வருந்துகிறேன். ஆனால் அவற்றில் இருநூற்றுப் பத்தில் பாஸ்ஸே தூங்கிக்கொண்டிருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

மூன்றாம் முறை பாடினோம். கதவு திறக்கவில்லை. இன்னொரு முறை பாடினோம். அப்போது அப்பா வீட்டைச் சுற்றிக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கமிருந்து ரப்பர் பூட்ஸோடு வந்தார். "கறவைக்கு நேரமாச்சு யூட்டே," என்றார். "இருபத்தஞ்சு வருஷத்துல ஒரே காலையில இத்தனை தடவை நான் படுக்கைக்குப் போனதில்லை." எல்லாரும் சிரித்தார்கள். அத்தோடு முடிந்திருக்கும். நீங்கள்தான் விடவில்லை. அத்தனை பேர் முன்னாலும் என் பக்கம் கையை நீட்டி, "எல்லாம் படிச்ச புள்ள வாங்கின லட்சணம். பத்தொன்பது நாள் பொறுக்க முடியலை" என்றீர்கள். அதன்பிறகு அன்று முழுக்க ஆள் மாற்றி ஆள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ஒருவர் தான் வாங்கிய டிராக்டரைப் பற்றி, அது மறு வருஷமே பழசாகிப்போனதைப் பற்றி, ஒரு மணி நேரம் சொன்னார். நான் 'ம்' கொட்டினேன்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். எனக்கு வருத்தம் இல்லை. சிறியதை வாங்கினேன், அதுவே சரி. இன்றைக்கு நூற்றிருபத்தெட்டு, நாளைக்கு இருநூற்றைம்பத்தாறு என்று புளிக்க வைத்த ரொட்டி மாவு மாதிரி பொங்கிக்கொண்டே போனால், யார்தான் எந்த நாளில் வாங்குவது? அம்மாவின் கல்யாணத்துக்கு மூன்று மாதம் கழித்துத்தான் உங்கள் கல்யாணம். உங்களுக்கு விருந்தாளிகள் இரண்டு மடங்கு, கேக்கில் ஓர் அடுக்கு கூட. அதற்காக அம்மா தன் கல்யாணத்தைக் கொண்டுபோய் மாற்றிக்கொண்டு வந்தாரா?

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், நேரில் எனக்கு வாய் வராது. நம் வீட்டு விசேஷங்களில் எனக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை. யாராவது வந்து 'நீ என்ன படிச்சே, அதுல என்ன வேலை கிடைக்கும்' என்று கேட்டால் கண்ணாடிக் குவளைக்குள் ஒளிந்துகொள்ளலாமா என்று தோன்றும். டேப்லெட் கையில் இருந்தால் எனக்கு நிற்க ஓர் இடம் இருக்கிறது. யாரும் ஒன்றும் கேட்பதில்லை. 'கொஞ்சம் வலப்பக்கம் நகருங்க' என்று நானே சொல்கிறேன், அவர்களும் நகர்கிறார்கள். வருஷத்தில் நான் உரக்கச் சொல்லும் வாக்கியம் அது ஒன்றுதான். அதை எடுத்துச் சித்தப்பாவின் கட்டைவிரலிடம் கொடுத்தால், செப்டம்பரில் நான் எங்கே போய் நிற்பது?

ஆகவே டேப்லெட்டை மாற்ற மாட்டேன். பெரியது வாங்க மாட்டேன். செப்டம்பரில் காலை ஆறு மணிக்கு உங்கள் வாசலில் இதே அறுபத்து நாலோடு நிற்பேன். வேண்டாம் என்றால் நாற்பது பேர் முன்னால் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். பாஸ்ஸேயின் காதுக்குப் பின்னால் என் சார்பில் ஒருமுறை தடவிக்கொடுக்கவும். உங்கள் இருவருக்கும் அடுத்த இருபத்தைந்தும் இதைப்போலவே இனிதாக அமையட்டும்.

உங்கள் கீழ்ப்படியாத,
ரிக்கே

பின்குறிப்பு, செவ்வாய்: உறையை ஒட்டுவதற்கு முன்னால், செப்டம்பருக்காக டேப்லெட்டில் இருப்பதையெல்லாம் முறைப்படி சரிபார்த்தேன். நடுவில் ஒரு கறுப்புச் சதுரம் இருந்தது. சரியாக விழாத படம் என்று இத்தனை நாளும் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அது படமல்ல, வீடியோ. ஈஸ்டர் அன்று பாஸ்ஸேயை எடுக்கிறேன் என்று டேப்லெட்டை என்னிடம் வாங்கினீர்களே, நிறுத்தாமலே உங்கள் பின்னல் பைக்குள் போட்டிருக்கிறீர்கள். இரண்டு மணி நாற்பது நிமிடம், பதினெட்டு ஜிபி, முழுக்க இருட்டு. அப்பாவை இரண்டு தடவை படுக்கைக்குத் திருப்பி அனுப்பியது உங்கள் பைதான்.

உங்களைக் குற்றம் சொல்ல ஆதாரம் கிடைத்த சந்தோஷத்தில் முழுவதையும் கேட்டேன். ஒரு மணி பன்னிரண்டாம் நிமிடத்தில் நீங்கள் சமையலறையில் அம்மாவிடம் பேசுகிறீர்கள். "உன் பொண்ணு வாயைத் திறக்க மாட்டேங்குறா அக்கா. ஆனா அந்தப் பலகை கையில இருந்தா மட்டும் ஒரு சிரிப்பு சிரிக்கிறா பாரு, அதுக்காகவே ஆயிரம் படம் எடுக்கச் சொல்லலாம். எங்க விசேஷத்துக்கு அவதான் எடுக்கணும். இதை அவகிட்ட சொல்லிடாதே, தலைக்கனம் வந்துடும். வெங்காயத்தை இன்னும் பொடியா நறுக்கு."

அழிக்கும் பொத்தானில் மூன்று முறை விரலை வைத்தேன். முடியவில்லை. அதை வைத்துக்கொண்டால் செப்டம்பருக்கு இடம் இல்லை. அதனால் இன்று மதியம் போய்ப் பெரியதை வாங்கிவிட்டேன். மேலே எழுதியதை அடிக்கவும் மனம் வரவில்லை, அதுவும் இருக்கட்டும். கடைக்காரர், ஆகஸ்டில் இதைவிடப் பெரியது வருகிறது, கொஞ்சம் பொறுக்கலாமே என்றார்.

வரட்டும் என்றேன், உரக்கவே. கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.