மன்னருக்கு ஒன்று, எலிக்குப் பன்னிரண்டு

ஒரு காட்டில் எல்லோருக்கும் வாய் இருந்தது. ஆபத்து வந்தால் கத்துவார்கள். பக்கத்தில் இருப்பவர் ஓடி வருவார், இல்லையென்றால் ஓடிப் போவார். இந்தப் பழங்கால வழக்கம் சிங்கராஜாவுக்குப் பிடிக்கவில்லை. வெறும் ராஜாவாக இருந்து கட்டுப்படியாகவில்லை என்று காட்டைக் கம்பெனியாக்கினார், பிரிவுக்கொரு தொலைபேசி எண்ணும் ஆளுக்கொரு கைப்பேசியும் கொடுத்தார். நரியார் காரியதரிசி ஆனார். ஒயர் இழுக்கும் வேலை சிலந்திக்குப் போனது.

சுண்டெலி பல்லவராயனுக்கு வலை அறுப்புப் பிரிவு கிடைத்தது. வேடன் விரித்த வலையில் யார் சிக்கினாலும் அவனைக் கூப்பிட வேண்டும், அவன் ஓடிப்போய் அறுத்துவிட வேண்டும். ஆள் சிறிசுதான். ஆனால் பல் விஷயத்தில் அவனை யாரும் குறை சொன்னதில்லை.

எண் கொடுத்த அன்றைக்குத்தான் வினை ஆரம்பித்தது. புத்தியுள்ள காடுகளில் எண்ணை வசதிப்படி கொடுப்பார்கள். இங்கே தகுதிப்படி கொடுத்தார்கள். பெரிய இடத்துக்கு ஓரிலக்கம், மற்றவர்களுக்கு ஈரிலக்கம். மன்னருக்கு ஒன்று, புலிக்கு இரண்டு, இப்படியே ஒன்பது வரை. எலிக்குப் பன்னிரண்டு. நமக்கும் ஒரு எண் வந்ததே என்று பல்லவராயன் பூரித்துப்போய் சொந்தக்காரர்களுக்கெல்லாம் பொரி வாங்கிக் கொடுத்தான்.

வெகுநாள் மணியே அடிக்கவில்லை. காட்டில் வலை விழுவதே நின்றுவிட்டது போலிருக்கிறது என்று முதலில் சந்தோஷப்பட்டான். அப்புறம் ஒருநாள் ஆற்றங்கரைப் பக்கமிருந்து அவன் சிநேகிதி, புள்ளிமான் செண்பகத்தின் அலறல் கேட்டது. ஓடினான். வலை இருந்தது. உள்ளே நான்கு குளம்புகள் மட்டும் இருந்தன. பக்கத்தில் சிங்கராஜா மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாவம்டா, போன் பண்ணிச்சு. எங்க கிடக்கேன்னு அடையாளம்கூட சொல்லிச்சு. நானும் அவசரமாத்தான் வந்தேன்" என்றவர், மீதியைச் சொல்லாமல் ஏப்பம் விட்டார்.

பல்லவராயன் அங்கே நிற்கவில்லை. நேரே சிலந்தியிடம் போனான்.

"பன்னெண்டு அடிக்கணும்னா முதல்ல ஒண்ணை அமுக்கணும்ல?" என்றது சிலந்தி. "ஒண்ணை அமுக்கினதுமே லைன் ராஜாவுக்குப் போயிடும். பின்னால வர்ற ரெண்டை யாரும் பார்க்கிறதே இல்ல."

"அப்ப வலையில மாட்டினவங்க எல்லாரும்…"

"ராஜாகிட்டயேதான் பேசுறாங்க. அசைய முடியல, சீக்கிரம் வாங்கன்னு."

"எனக்கு வேற எண் கொடேன்!"

"இருபத்திரெண்டு கொடுத்தா புலிக்குப் போகும். முப்பத்திரெண்டுன்னா சிறுத்தைக்கு. ஒண்ணுலேர்ந்து ஒம்பது வரைக்கும் கோரைப்பல்லு உள்ளவங்களாப் பார்த்துக் கொடுத்துருக்காங்க. அவங்கள்ல யாராவது ஈரிலக்கத்துக்கு இறங்கி வந்தாத்தான் வழி. வேலைன்னு பார்த்தா ஒரு சொடக்குதான்."

பல்லவராயன் நரியாரிடம் போய் விஷயத்தைச் சொன்னான். நரியார் வாலைத் தடவிக்கொண்டே கேட்டார். "ஏம்ப்பா, மன்னர் ரெண்டு இலக்கத்துக்கு வரணும்ங்கிறியா? நாளைக்கு யாராவது அவரை மதிப்பானா? சிஸ்டம்ல எந்தக் கோளாறும் இல்ல. மன்னர்கிட்டேருந்து ஒரு புகாரும் வரல, பாரு."

வேறு வழியில்லாமல் பல்லவராயன் பழைய முறைக்குத் திரும்பினான். மணிக்குக் காத்திராமல், கத்தல் கேட்ட இடத்துக்கு ஓடி வலையை அறுத்தான். ஒரு மயில் பிழைத்தது, ஒரு காட்டுப்பன்றி பிழைத்தது. மன்னரின் சாப்பாட்டில் மண் விழுந்தது. உடனே சுற்றறிக்கை வந்தது: தொலைபேசியில் அழைப்பு பதிவாகாமல் எந்த வலையும் அறுக்கப்படக் கூடாது, மீறினால் பல் பிடுங்கப்படும். கீழே சிங்கராஜாவின் பாதம் அழுத்தமாகப் பதிந்திருந்தது. கூடவே, புகாரே வராத பிரிவு என்று பாராட்டி எலிக்கு ஒரு மாலையும் போட்டார்கள்.

வேடன் முட்டாளில்லை. மான் வலைகளில் குளம்பு மட்டுமே கிடப்பதைப் பார்த்து, காரணமானவருக்கென்றே தடித்த கயிற்றில் ஒரு வலை பின்னினான். சிங்கராஜா அதில் முழுசாகப் போய் விழுந்தார்.

அவர் போட்ட கர்ஜனையில் காடே காலியானது. பல்லவராயன் மட்டும் வந்தான்.

"வந்துட்டியா! அறுடா, அறு!"

பல்லவராயனுக்குப் பல் துறுதுறுத்தது. குளம்பு நான்கும் கண்ணில் நின்றன. "அறுக்கலாம் மகாராஜா. அழைப்பு மட்டும் பதிவாகணும். இல்லேன்னா பல்லைப் புடுங்கிடுவாங்க. நீங்க போட்ட சட்டம்."

மன்னர் பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பேசியில் ஒன்றை அமுக்கினார், இரண்டை அமுக்கினார். உள்ளேயிருந்து கிளியின் குரல் கொஞ்சியது: 'மன்னர் வேறொரு அழைப்பில் இருக்கிறார். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது.'

"எவன்டா அவன், என் லைன்ல பேசிட்டு இருக்கிறது?"

"நீங்கதான் மகாராஜா."

விஷயம் புரிய மன்னருக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் குரல் இறங்கியது. "சரி, என் எண்ணை மாத்தச் சொல்லு. எனக்கு என்ன கிடைக்கும்?"

பல்லவராயன் மேலே ஒயரில் தொங்கிய சிலந்தியை விசாரித்துவிட்டுச் சொன்னான்: "பதினொண்ணு காலியா இருக்காம். அதுல ஒண்ணு ரெண்டு தடவை வருது மகாராஜா."

"பத்து யாருகிட்ட இருக்கு?"

"முயல்கிட்ட. கடலைக் கொள்முதல் பிரிவு."

"முயலுக்கு அப்புறமா நான்? பத்தை வாங்கிக் கொடு!"

"முயல் சம்மதிக்கணுமே."

"கூப்பிடுடா அவனை!"

"கூப்பிட்டா உங்களுக்குத்தான் போகும் மகாராஜா."

பதினொன்று கேவலம், பத்துதான் கௌரவம் என்று மன்னர் வலைக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தார். பல்லவராயனுக்கும் அப்படியொன்றும் அவசரமில்லை. அதற்குள் வேடன் வண்டியோடு வந்துவிட்டான். வண்டி மலை தாண்டும்வரை 'பத்து, பத்து' என்று கர்ஜனை கேட்டதாம்.

மறுநாள் சிலந்தி வந்தது. "ஒண்ணாம் நம்பர் காலி. எடுத்துடுறேன். இனிமே எல்லா லைனும் ஒழுங்காப் போகும். உன் பன்னெண்டும் அடிக்கும்."

பல்லவராயன் மாலையைச் சரிசெய்துகொண்டான். "எடுக்காத. அதை எனக்கே கொடுத்துடு. எப்படியும் எனக்கு வரவேண்டிய போன்தானே?"

சிலந்திக்கு என்ன, கொடுத்தது. காடே கொண்டாடியது. பாடுபட்ட எலிக்குக் கிடைத்த நீதி என்றார்கள். வலையில் சிக்கியவர்கள் அழைத்தால் பல்லவராயனே எடுத்தான், ஓடினான், அறுத்தான்.

கொஞ்ச நாளில் முயல் வந்து நின்றது. "அண்ணே, கடலை மூட்டை எங்க கிடக்குன்னு சொல்ல எனக்கு ஒரு போன்கூட வரல. போய்ப் பார்த்தா மூட்டையும் இல்ல. பத்துக்கு அடிச்சா ஒண்ணுக்குப் போகுதாமே?"

பல்லவராயனுக்கு வாய் நிறையக் கடலை. மென்று விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னான்: "சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஒரு புகாரும் வரல."

அப்போது மணி அடித்தது. ஆற்றங்கரையில் ஒரு மான்குட்டி வலைக்குள் அழுதுகொண்டிருந்தது. பல்லவராயன் எடுத்து, அடுத்த மூட்டை எங்கே கிடக்கிறது என்று கேட்டான். கடலை இல்லை என்று தெரிந்ததும் வைத்துவிட்டான்.

நீதி: நமக்கு வரவேண்டிய அழைப்பு அடுத்தவனுக்குப் போனால் அது எண் மோதல். அடுத்தவனுக்கு வரவேண்டியது நமக்கு வந்தால் அது நல்ல நிர்வாகம்.