சம்பந்தி வீட்டுக்குப் போன பூசணிச் சாறு

இராமநாதபுரம்,
20 ஜனவரி 1958, திங்கட்கிழமை.

‘தேகசுத்தி’ மாத இதழின் ஆசிரியர் அவர்கள் சமூகத்துக்கு,

தங்கள் சந்தாதாரர் வேதநாயகத்தின் மனைவி ஜோதிமேரி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிறவர்கள் உட்பட, நல்ல சுகத்தோடும் நல்ல பசியோடும் இருக்க ஆண்டவர் அருள்வாராக. இங்கு நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் நான் பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பவள். நிச்சயமாகத் தெரியாததை எழுதிப் பழக்கமில்லை. அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

நான் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதுகிறவளும் அல்ல. எழுத வைத்தது தங்கள் இதழில் வரும் ‘உள்வீட்டைப் பெருக்குங்கள்’ என்ற தொடர்தான். வரும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் என் மகள் செபமாலையின் கல்யாண ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, கோயிலில் வாசிக்கப்பட வேண்டும். மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, சாம்பல் புதனுக்கு முன்னால் தாலி கட்டினால் உண்டு. தவக்காலம் வந்துவிட்டால் பாஸ்கு என்கிற ஈஸ்டர் முடியும்வரை கல்யாணம் கிடையாது, அதற்குள் மாப்பிள்ளைப் பையனைப் பம்பாய்க்கு மாற்றிவிடுவார்கள். அந்த ஓலை வாசிக்கப்படுமா, படாதா என்பது இன்றைய தேதியில் ஒரு புட்டி வெண்பூசணிச் சாற்றைப் பொறுத்து இருக்கிறது. தயவுசெய்து இதைக் கடைசிவரை படியுங்கள்.

என் கணவர் தாலுகா ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றார். அவரோடு ஒரே நாளில் ஓய்வு பெற்ற நண்பர் பால்சாமி, மாலையும் மரியாதையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர், முதல் பென்ஷன் வருமுன் மாரடைப்பில் போய்விட்டார். அன்றிலிருந்து இவர் தம் வயிற்றைத் தட்டித் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார். “உள்ள என்ன கெடக்கோ, ஏது கெடக்கோ” என்பார். அந்த நேரம் பார்த்துத் தங்கள் இதழ் எங்கள் வீட்டுக்குள் வந்தது. முதலில் எலுமிச்சைத் தண்ணீர். பிறகு வேப்பங்கொழுந்து. பிறகு மூன்று வேளையும் வெண்பூசணிச் சாறு மட்டும், சனிக்கிழமை தோறும் விளக்கெண்ணெய், மத்தியானம் அடிவயிற்றில் ஈர மண் பற்று. தபால்காரர் வரும்போது அந்தப் பற்றோடு எழுந்து போய்த் தங்கள் இதழைக் கையெழுத்துப் போட்டு வாங்குவார். “செபமாலை கல்யாணத்த நான் பாக்க வேணாமா?” என்று கேட்டால் அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

காய்கறி கொண்டுவரும் தவசி நாள்தோறும் ஒரு பூசணி இறக்கினாள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, “யம்மா, ஒங்களுக்குப் போயி செய்வினை வச்சது யாரு? வேதக்காரக வீட்லயே தெனம் ஒரு பூசணி ஒடைக்கிறீக?” என்றாள். அது உடைப்பதற்கு அல்ல, குடிப்பதற்கு என்றேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் பின்னால் நகர்ந்து போனாள். செய்வினையே மேல் என்று நினைத்திருப்பாள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் அவருக்கு நல்லதுதான் நடந்தது. சாயங்கால பஜ்ஜியை விட்டார், பொடி போடுவதை விட்டார், மூச்சு வாங்காமல் அரண்மனை வரை நடந்தார். ஆனால் அது பஜ்ஜியை விட்டதன் பலன். அதைப் பூசணியின் கணக்கில் வரவு வைப்பது எப்படி நியாயம்? ‘மாசு, மாசு’ என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதுகிறீர்களே, அது என்ன பொருள்? அதற்கு ஒரு பெயர் உண்டா, நிறம் உண்டா, யாராவது ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துக் காட்டியிருக்கிறார்களா? நான் கல்லூரியில் எலியை அறுத்துப் பார்த்தவள். ஈரல் இருந்தது, சிறுநீரகம் இருந்தது, வேண்டாததை வெளியேற்றும் வேலையை அவை யாரும் சொல்லாமலே பார்த்துக்கொண்டிருந்தன. வருஷக்கணக்காக ஒட்டிக்கிடக்கும் கசடு எந்த எலியிலும் இல்லை. இதை என் கணவரிடம் சொன்னேன். “எலி பஜ்ஜி திங்குமா?” என்று கேட்டார். சரியான கேள்விதான்.

என்னை அதிகம் கலங்க வைப்பது வேறு. தலைவலி வந்தால் மாசு கிளம்பிவிட்டது என்கிறீர்கள். மயக்கம் வந்தால் மாசு இறங்குகிறது என்கிறீர்கள். ஒன்றுமே வராவிட்டால் மாசு ஆழத்தில் பதுங்கியிருக்கிறது, விடாமல் தொடருங்கள் என்கிறீர்கள். அப்படியானால் எது நடந்தால் தங்கள் வைத்தியம் தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்? என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி விடை எழுதினால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவேன். அவருக்குக் கழுத்தெலும்பு துருத்திவிட்டது, சட்டை கோட்டு ஸ்டாண்டில் மாட்டியது போல் தொங்குகிறது, மாடிப்படியில் பாதியில் நின்று சுவரைப் பிடிக்கிறார். இது சாற்றினால் வந்த மெலிவா, உள்ளே ஏதாவது நோயா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. டாக்டரிடம் போகலாம் என்றால் உங்கள் பக்கத்தைப் பிரித்து விரல் வைத்துக் காட்டுகிறார். பாடம் எடுத்துக்கொண்டிருக்கும்போது பள்ளி வாசலில் யாராவது அவசரமாக வந்தால் எனக்குச் சாக்கட்டி கையிலிருந்து விழுந்துவிடுகிறது.

இதெல்லாம் எங்கள் வீட்டோடு இருந்தவரை பொறுத்தேன். நேற்று நாங்கள் பாம்பனில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம்.

மாப்பிள்ளையின் தகப்பனார் சவேரியார் இரண்டு பாய்மர வத்தைப் படகு வைத்துக் கடல் தொழில் செய்கிறவர். பையன் படித்து மண்டபத்தில் சர்க்கார் வேலையில் இருக்கிறான். எங்கள் பக்கத்து வழக்கம் தங்களுக்குத் தெரிந்திருக்கும்: வீடு பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பெற்றவர் கை நனைத்துச் சாப்பிட்டால் சம்மதம், சாப்பிடாமல் எழுந்தால் சம்மதமில்லை. வேறு வார்த்தையே வேண்டாம். புறப்படும்போதே இதைச் சொன்னேன். “அதெல்லாம் பாத்துக்கிறேன்” என்றார். அவர் பையில் இரண்டு புட்டிகள் இருந்ததை நான் ரயில் ஏறிய பிறகுதான் பார்த்தேன்.

முந்தின நாள் சனிக்கிழமை, விளக்கெண்ணெய் நாள். மண்டபத்தில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். வாடைக் காற்று பலமாக இருந்தால் பாலத்தின் மேல் விட மாட்டார்கள். என் கணவர் கண்ணை மூடி, இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மங்கள வார்த்தை செபம் சொல்ல ஆரம்பித்தார். பாலத்தை நினைத்துப் பயப்படுகிறார் என்று எதிரே இருந்த அம்மாள் ஆறுதல் சொன்னாள். பாலம் அல்ல காரணம். அதற்கு மேல் எழுதுவது எனக்குப் பழக்கமில்லை.

பாம்பனில் எங்களை வாசலிலேயே வந்து அழைத்துப் போனார்கள். விளமீன் குழம்பு, நண்டு, கணவாய் வறுவல் என்று இலை நிறைந்திருந்தது. மாப்பிள்ளையின் தாயார் லீமாரோஸ் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, “அண்ணே, கை கழுவுங்க” என்றார்.

“எனக்கு வேணாம் தாயி. நான் கொண்டாந்திருக்கேன்” என்று இவர் பையிலிருந்து புட்டியை எடுத்து இலைக்கு நடுவில் வைத்தார்.

சவேரியார் குனிந்து பார்த்தார். “என்னது இது, மருந்தா?”

“பூசணிச் சாறு.”

“பூசணியா? முச்சந்தியில ஒடைப்பாகளே, அதா?”

“அதேதான். குடலச் சுத்தம் பண்ணுது. இப்ப இந்தச் சோத்துல கைய வச்சேன்னா, இத்தன நாள் சுத்தம் பண்ணுனது பூராம் அழுக்காயிரும்.”

நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதிக்கலாம் என்றால் மேசை இல்லை, தரையில் பாய்.

“அழுக்கா? எங்க வீட்டுச் சோறா?” என்றார் லீமாரோஸ். கையில் கரண்டி அப்படியே நின்றது.

“விடு லீமாரோஸு,” என்றார் சவேரியார். “தாலுகா ஆபீஸ்காரக. வலைக்காரன் வீட்டுச் சோறு தொண்டையில இறங்குமா? தண்ணியாச்சும் குடிப்பீகளா, இல்ல அதுவும் புட்டியில வந்திருக்கா?”

என் கணவர் பொய் சொல்லத் தெரியாதவர். இரண்டாவது புட்டியை எடுத்துக் காட்டினார். கொதிக்க வைத்து ஆறிய நீர்.

என் மாமனாரும் புதுமடத்தில் வலை இழுத்தவர்தான். ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொன்னால் இன்னும் கேவலமாகப் போயிருக்கும். ஆகவே நான் சாப்பிட்டேன். நான் சாதாரணமாக ஒரு பிடிச் சோறு சாப்பிடுகிறவள். நேற்று குழம்பு மீன் முழுதாக ஒன்று, நண்டு காலோடும் ஓட்டோடும், கணவாய் இரண்டு முறை, அவர் இலையில் வைத்ததையும் என் பக்கம் இழுத்துச் சாப்பிட்டேன். “மதினி நல்லாத்தான் சாப்புடுறாக. அண்ணனுக்குத்தான் நம்ம வீடு ஆகல” என்று லீமாரோஸ் சுவரைப் பார்த்துச் சொன்னார். பெண்ணின் தாய் எவ்வளவு சாப்பிட்டாலும் அது கணக்கில் சேராது போலிருக்கிறது. ஓலையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஸ்டேஷன் வரை ஒருவரும் கூட வரவில்லை.

திரும்பும் வண்டியில் இவர், “நல்ல மனுசங்க. என்ன, கொஞ்சம் கோவம் சாஸ்தி” என்றார். நான் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போய்விட்டது. “அப்ப நான் நாளைக்கே திரும்பிப் போயி சாப்பிட்டுட்டு வந்துரவா?” என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகு பையிலிருந்து தங்கள் இதழை எடுத்துப் புரட்டிவிட்டு, “ஆனா ஜோதி, நடுவுல ஒரு கவளம் உள்ள போனாலும் மாசு முன்னவிட வேகமாத் திரும்பி ஏறும்னு போட்டிருக்கானே. பால்சாமி மாதிரி ஆயிப்போச்சுன்னா?” என்றார்.  

 வீட்டில் செபமாலை எங்கள் முகத்தைப் பார்த்தாள், புட்டி இரண்டையும் வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். சத்தமே இல்லாமல் கழுவினாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் சொன்னால் அவர் நம்ப மாட்டார். நான் எலியை அறுத்தவள், அவ்வளவுதான். அவர் நம்புவது தங்களைத்தான். ஆகவே, தங்கள் மாசை ஒரு நாளும் நம்பாத நான், தங்களிடமே கேட்க வேண்டியிருக்கிறது: ‘அன்பர் வேதநாயகம் அவர்களே, தாங்கள் இப்போதே சாப்பிடலாம், மாசு திரும்பாது’ என்று தங்கள் கையெழுத்தில் ஒரு தபால் அட்டை, மறு தபாலில், சனிக்கிழமைக்குள் வரும்படி போடுங்கள். அதை எடுத்துக்கொண்டு பாம்பனுக்கு ஓடுகிறேன். இத்துடன் எங்கள் சந்தாவையும் நிறுத்திவிடுங்கள். இனி இவ்வீட்டு வாசலில் தேகசுத்தி வரக்கூடாது.

தாங்களும் தங்கள் சந்ததியும் மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டு நீடூழி வாழ ஆண்டவரை மன்றாடும்,

வே. ஜோதிமேரி, பி.ஏ., எல்.டி.

பின்குறிப்பு: இதை நேற்றுத் தபாலில் சேர்க்கத் தவறிவிட்டேன். இன்று செவ்வாய்க்கிழமை. காலை வண்டியில் லீமாரோஸ் அம்மாள் ஓர் ஓலைப்பெட்டியோடு தனியாக வந்து இறங்கினார். வாசலில் நின்றபடியே, “அண்ணே, எங்க சோத்துல என்ன அழுக்குன்னு நேர்ல கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்” என்றார். வயிற்றில் மண் பற்றோடு படுத்திருந்த என் கணவர் எழுந்து உட்கார்ந்து, பால்சாமியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். என்னிடம்கூட அவர் இவ்வளவு சொன்னதில்லை. அந்த அம்மாள் கேட்டு முடித்து, “அட ஆண்டவரே, சாவுக்குப் பயந்தா? இத அங்கனயே சொல்றதுக்கென்ன? எங்க வீட்டுக்காரரு கடலுக்குப் போற அன்னைக்கெல்லாம் எனக்கும் அதே பயந்தான். அதுக்காகக் கடலக் கழுவவா முடியும்? வாயத் தொறங்க” என்று ஓலைப்பெட்டியிலிருந்து சுறாப் புட்டை எடுத்து நீட்டினார். இவர் என்னைப் பார்த்தார், தலைமாட்டில் கிடந்த தங்கள் இதழைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். அதன் பிறகு பெட்டி காலியாகும்வரை மூடவில்லை. செபமாலை அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதலாவது ஓலை.

இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. கையைக் கழுவிவிட்டு இவர், “ஜோதி, பாத்தியா? இப்பிடிப் பசிக்குதுன்னா குடல் சுத்தமாயிருச்சுன்னு அர்த்தம். புஸ்தகத்துல போட்டிருக்கான் பாரு” என்றார். “அப்பிடியா அண்ணே?” என்றார் லீமாரோஸ் அம்மாள். “எனக்கும் நாலஞ்சு வருஷமா வாயு புடிச்சு ஆட்டுது. எங்க வீட்டுக்காரருக்கும் நெஞ்சு கரிக்கிதும்பாரு.” பழைய இதழ்கள் அத்தனையையும் ஓலைப்பெட்டியில் கட்டிக்கொண்டு, தவசி இறக்கிவைத்த பூசணியையும் இடுப்பில் ஏந்திக்கொண்டுதான் வண்டி ஏறினார்.

ஆகையால் மேலே கண்ட யாவற்றையும் எழுதப்படாததாகக் கருதவும். தபால் அட்டை வேண்டாம். எங்கள் சந்தாவை நிறுத்த வேண்டாம். திருமதி லீமாரோஸ் சவேரியார், பாம்பன் என்ற முகவரிக்கும் இம்மாதம் முதல் இதழை அனுப்பவும். பணம் மணியார்டரில் வருகிறது. பெண் வீட்டாரிடம் அவர்கள் வாய்விட்டுக் கேட்ட சீர் இது ஒன்றுதான், மறுக்க முடியவில்லை. கல்யாணம் பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி. அதற்குள் இரண்டு சம்பந்திகளும் புட்டியும் கையுமாக ஆகியிருப்பார்கள். பிப்ரவரி இதழில் ஏதாவது ஒரு மூலையில், கல்யாண விருந்தில் மட்டும் ஒரு வேளை கை நனைக்கலாம், மாசு திரும்பாது என்று பெரிய எழுத்தில் அச்சிட்டுவிடுங்கள்.

ஜோ. மே.