உத்திநாதரும் நெஞ்சில் வைத்த கல்லும்

மழை வந்தால் குடை தேடுகிறவர்கள் உண்டு. கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுகிறவர்கள் உண்டு. அண்ணாந்து பார்த்து, "இது வெறும் மழை இல்லை, குறியீடு" என்று சொல்லிவிட்டுத் தொப்பலாக நனைந்து நிற்கிற ஓர் இனமும் உண்டு. இந்த மூன்றாவது இனத்தோடு உங்களுக்குப் பழக்கம் இல்லையா? கொடுத்து வைத்தவர் நீங்கள். எனக்குத் தினமும் எட்டு மணி நேரப் பழக்கம்.

எங்கள் குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் எனக்கு எதிர் மேசைக்காரர் அவர். உத்திநாதர் என்பது நாங்கள் வைத்த பெயர். பிறவியிலேயே அப்படி இல்லை. ஆறு சனிக்கிழமை 'இலக்கிய உத்திகள்' என்று ஒரு வகுப்புக்குப் போனார். போனவர் சாதாரண மனிதர். திரும்பி வந்தவர் சட்டைப் பையில் நீல அட்டை நோட்டும், காதில் விழுகிற எதையும் வகைப்படுத்தாமல் விடுவதில்லை என்ற வைராக்கியமும் உள்ளவர். பேருந்து நடத்துநர் "உள்ள போ, உள்ள போ, உள்ள போ" என்று தொண்டை கிழியக் கத்தினால், எல்லோரும் உள்ளே போவார்கள். இவர் படியிலேயே நின்று "அடுக்குத் தொடர்" என்று குறித்துக்கொள்வார். தாமதமாக வந்ததற்கு மேலாளர் விளக்கம் கேட்டால், தன்னைக் கண்டதும் வெட்கப்பட்டுப் பேருந்து ஓடிவிட்டதாகவும், அது தற்குறிப்பேற்றம் என்றும் எழுதிக் கொடுப்பார். துக்க வீட்டில், "என் மலை சாஞ்சு போச்சே" என்று ஓர் அம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு அழ, இவர் என் காதருகே குனிந்து, "உருவகம். ஆனா அடிக்கடி கேட்டது" என்றார். நான் எழுந்து போய் வேறு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அலுவலகத்திலாவது சும்மா இருப்பாரா? 'குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை' என்று யாராவது வெறுமனே எழுதினால் அந்தப் புகார் அன்றைக்கே பொறியாளர் மேசைக்குப் போய்விடும். 'எங்கள் தெருக் குழாய் மூன்று நாளாகப் பெருமூச்சு மட்டுமே விடுகிறது' என்று ஒரு தெருவே கையெழுத்திட்டு அனுப்பியது. உத்திநாதர் சொக்கிப்போனார். திரும்பத் திரும்பப் படிப்பதற்காக அதைத் தன் இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார். அந்தத் தெருவுக்கு மூன்றாவது வாரம்தான் தண்ணீர் போனது. நன்றாக எழுதியது அவர்கள் குற்றம்.

இவருக்கு ஒரு மனைவி. வீட்டு முன்னறையில் தையல் இயந்திரம் போட்டு அக்கம்பக்கத்துக்குத் தைத்துக் கொடுப்பவர். அதிகம் பேசாதவர். பேசினால் வகைப்படுத்தப்படுவோம் என்று தெரிந்தவர் வேறென்ன செய்வார்?

போன மாதம் ஒரு விடுமுறை நாள் காலை. இயந்திரம் பாதித் தையலில் நின்றது.

"என்னங்க, நெஞ்சுல கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு."

உத்திநாதர் நிமிர்ந்தார். இத்தனை வருடத்தில் மனைவி சொன்ன முதல் உவமை. நோட்டை எடுத்தார். "நல்லா இருக்கு. அந்த 'மாதிரி'யை மட்டும் எடுத்துடு. உருவகமாயிடும், அழுத்தம் கூடும்" என்றார்.

இடது கையில் எறும்பு ஊர்கிறது என்றார் அந்த அம்மாள். இவர் எழுதினார். தாடையைக் கயிறு கட்டி யாரோ இழுக்கிறார்கள் என்றார். அதையும் எழுதி, பக்கத்தில் 'மிக நன்று' என்று போட்டார். மனைவி இயந்திரத்தின் மேல் தலையைச் சாய்த்தபோது, அடுத்த வரிக்காகப் பேனாவோடு காத்திருந்தார்.

தைக்கக் கொடுத்த துணியை வாங்க வந்த மாடி வீட்டு அக்கா மட்டும் அந்த நேரத்தில் படியிறங்கி வராமல் இருந்திருந்தால் நான் இதை இந்தத் தொனியில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அந்த அக்காவுக்கு உவமை உருபெல்லாம் தெரியாது. வேர்த்துக் கொட்டிய முகத்தை ஒரு தடவை பார்த்தார், கார் பிடித்தார்.

செய்தி கேட்டு நான் மருத்துவமனைக்கு ஓடினேன். வலி எப்போது ஆரம்பித்தது, எப்படி இருந்தது என்று இளம் மருத்துவர் கேட்டுக்கொண்டிருந்தார். உத்திநாதர் சட்டைப் பையில் கைவிட்டார். நோட்டை நீட்டினார். ஒன்பது பத்து, நெஞ்சில் கல், உவமை. ஒன்பது பதினைந்து, கையில் எறும்பு, படிமம். ஒன்பது இருபது, தாடையில் கயிறு, மிக நன்று.

மருத்துவர் இரண்டு முறை படித்தார்.

"ஒண்ணு விடாம எழுதியிருக்கீங்க சார். அவங்க உங்ககிட்ட என்ன சொல்றாங்கன்னு தோணவே இல்லையா?"

மருத்துவர் உள்ளே போன பிறகு உத்திநாதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் 'மாதிரி'யைத் திருத்திக்கிட்டு இருந்தேன்பா" என்றார். இதற்கு என்ன பெயர் என்று அவர் சொல்லவில்லை. எனக்கும் அவரைக் கேலி செய்ய மனம் வரவில்லை. பாவமாக இருந்தது.

அம்மாள் பிழைத்துக்கொண்டார். வீடு திரும்பிய மறுவாரம் நான் பார்க்கப் போயிருந்தபோது, "இப்போ கல்லை இறக்கி வச்ச மாதிரி இருக்கு" என்றார். உத்திநாதர் வாயைத் திறந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் வாயை மூடிக்கொண்டு, எழுந்து வந்து, "கை எப்படி இருக்கு? எறும்பு போயிடுச்சா?" என்று கேட்டார். அந்த அம்மாள் சிரித்தார்.

திருந்திவிட்டார் என்கிறீர்களா? திங்கட்கிழமை மேலாளர் திட்டியதை 'உயர்வு நவிற்சி' என்று எழுதி வைத்திருக்கிறார். வீட்டுக்கு மட்டும் நோட்டைக் கொண்டுபோவதில்லை. அதுவே பெரிது.

சரி, அவரை விடுங்கள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மாடி வீட்டு அக்கா கார் பிடித்த இடத்தில் உங்களுக்குப் பதறியதா? அல்லது, தொடக்கத்தில் வந்த துக்க வீடு பின்னால் வரப்போவதற்கான முன்னறிவிப்பு, பாதியில் நின்ற தையல் ஒரு குறியீடு, மொத்தமும் அங்கதம் என்று மனத்துக்குள் ஓரக்குறிப்பு எழுதிக்கொண்டு வந்தீர்களா? எழுதியிருந்தால் பரவாயில்லை, எல்லாம் சரியான விடைதான். ஆனால் நீங்கள் இதைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து உள்ளறையில் யாரோ உங்களை இரண்டு தடவை கூப்பிட்டாகிவிட்டது. இதைக் கீழே வைத்துவிட்டு, போய் என்னவென்று கேளுங்கள்.