கொல்லையில் ஒரு கொடைக்கானல்

மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள் காலை, கிறிஸ்துமஸ் மரத்திலிருந்து கடைசி நட்சத்திரத்தைக் கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்த சகாயராஜ், இந்த மரம் குப்பை வண்டிக்குப் போகாது என்று அறிவித்தார். நாற்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் இது அவருடைய மூன்றாவது அறிவிப்பு. முதலாவது, தையல் கடையை மூடுவது. இரண்டாவது, காசு கொடுத்து வாங்கிய பாகற்காய் இந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்பது. சர்க்கரை கூடியிருக்கிறது, வாரம் மூன்று நாள் பாகற்காய் சேருங்கள் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே அதை அறிவித்துவிட்டார்.

மனைவி ஆரோக்கியம்மாள் முதல் இரண்டுக்கும் மறுத்துப் பேசவில்லை. மூன்றாவதுக்கும் பேசவில்லை. சகாயராஜ் அங்கேயே பயந்திருக்க வேண்டும்.

வருஷா வருஷம் அவர்களுடைய திண்டுக்கல் வீட்டில் சவுக்குக் கிளைதான். ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் அது ஊதுபத்திக் குச்சி மாதிரி உதிர்ந்துபோய்க் கிடக்கும். இந்த வருஷம்தான் கொடைரோட்டிலிருக்கும் மைத்துனன் தங்கமுத்து, மலையிலிருந்து வந்த நிஜப் பைன் மரம் ஒன்றைப் பேருந்தில் ஏற்றி அனுப்பியிருந்தான். ஐந்தடி மூன்று அங்குலம். சகாயராஜ் டேப்பை வைத்து அளந்தார். அடியில் சாக்கு கட்டி, சாக்கு நிறைய மண். மண் இருந்தால் வேர் இருக்கும் என்று அவர் எடுத்துக்கொண்டார். தங்கமுத்து அப்படிச் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

கொல்லையில் துணி காயும் கம்பிக்குப் பக்கத்தில் இடம் பார்த்தார். அதே இடத்தில் ஒரு குழி வெட்டித் தரச் சொல்லி ஆரோக்கியம்மாள் மூன்று வருஷமாகக் கேட்டிருக்கிறாள். மூன்று வருஷமும் அவருக்கு இடுப்பு வலி. இன்றைக்கு இருபத்தைந்தே நிமிஷத்தில் ஒன்றரை முழம் வெட்டிவிட்டார்.

"நீங்க போயித் தண்ணி கொண்டாங்க. குழியில எறக்குறத நான் பாத்துக்கிறேன். ஒங்க இடுப்பு தாங்காது" என்றாள் அவள்.

அவர் வாளியோடு திரும்பி வந்தபோது மரம் நிமிர்ந்து நின்றது. அவள் மண்ணை மிதித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஏதோ ஒரு சாந்தம். கோவில் பூசையில் நன்மை அப்பம் வாங்கிவிட்டு வரும்போது இருக்குமே, அது.

அன்று முதல் காலையில் நாலு வாளி, மாலையில் நாலு வாளி. ஊற்றிவிட்டுப் பதினோரு அடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். முதல் நாள் எண்ணியதில் பழுத்த குச்சிகள் பதினாலு. மறுநாள் பன்னிரண்டு. அதற்கடுத்த நாள் ஒன்பது. ஒரு வாரத்தில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மரம் தேறிக்கொண்டிருந்தது.

அதைவிடப் பெரிய அதிசயம், விடிந்த கையோடு கொல்லையில் இறங்கிய பனி. வெந்நீர் போடும் நேரத்துக்குச் சரியாக, பச்சையும் பிசினுமாக ஒரு மலைவாசனையோடு, வெள்ளையாய்ப் பரவும். மரம் இருக்கிற இடத்தைத் தேடிப் பனி வரும் என்று நினைத்துக்கொண்டார். கண்ணை மூடினால் போதும், திண்டுக்கல் மெல்ல மேலே எழும்ப ஆரம்பிக்கும். மலைக்கோட்டையின் இடுப்பில் மேகம் உட்காரும். பேருந்து நிலையத்தில் கம்பளி விற்பார்கள். கொடைரோட்டில் இறங்க வேண்டிய வெளியூர்க்காரர்கள், எதற்கு அவ்வளவு தூரம் ஏறணும் என்று இங்கேயே இறங்கிவிடுவார்கள். நடுவில் சகாயராஜ், தொப்பி போட்டுக்கொண்டு, கையில் காரட்டோடு.

ஒருநாள் மரத்தடியில் ஆரோக்கியம்மாள் குனிந்து எதையோ ஊன்றுவதைப் பார்த்தார். என்ன என்று கேட்டார்.

"கொடி வெதைங்க. அடிமண்ணு குளுந்து கெடக்கட்டும்னு."

கொடி படர்ந்ததும் அவருக்கு ஆனந்தம் கூடிற்று. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒருநாள் அவர்கள் கொடைக்கானல் போயிருக்கிறார்கள். அங்கே எந்த மரத்தில்தான் கொடி இல்லை? மாசி பிறந்ததும் மஞ்சள் பூக்கள் வந்தன. முப்பத்து நாலு. கழற்றி வைத்த நட்சத்திரங்களே திரும்பி வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பிறகு பூக்கள் உதிர்ந்த இடத்தில், பச்சையாக, முண்டும் முடிச்சுமாக, சின்னஞ்சிறு காய்கள் தொங்கின. அன்றைய பயணத்தில் வாங்கிய பைன் காய் ஒன்று அவருடைய தையல் மெஷின் மேல் இன்னும் இருந்தது. அதை எடுத்து வந்து, நாற்காலியிலிருந்தபடியே, ஒரு கண்ணைச் சுருக்கி ஒப்பிட்டுப் பார்த்தார். அதே முண்டு, அதே முடிச்சு. பக்கத்தில் போய்ப் பார்க்க மனசில்லை. கைக்குழந்தைமேல் கண் வைப்பது போல இருந்தது. டவுனிலேயே பிறந்து டவுனிலேயே தைத்தவர். பாகற்காயை வட்டம் வட்டமாகத் தட்டில்தான் கண்டிருக்கிறார்.

மரம் காய்த்துவிட்டது. ஒரு காய்க்கு ஒரு மரம் என்று வைத்தாலும் பக்கத்து ஊரான அகரம் வரைக்கும் காடு போட்டுவிடலாம்.

தவக்காலத்து மூன்றாம் வெள்ளி. பக்கத்து வீட்டு தாஹிரா மதில் மேல் கழுவிய கிண்ணத்தை வைத்தாள்.

"அண்ணே, மதினிகிட்ட குடுத்துருங்க. எங்க வீட்டுல அவுகளுக்குச் சுகரு நல்லா எறங்கியிருக்கு. பாகக்கா அம்புட்டுக் கசப்பு. ஒங்க மரத்துக் காய்க்குத் தனி ருசிண்ணே."

"எந்த மரம்மா?"

தாஹிரா அவருடைய தோளுக்கு மேலே கையை நீட்டினாள்.

சகாயராஜ் திரும்பினார். இரண்டு மாதத்தில் முதல் தடவையாகப் பதினோரு அடியையும் நடந்து கடந்தார். கொடியை விலக்கினார். உள்ளே இலை ஒன்றுகூட இல்லாத ஒரு கம்பு. தொட்டார். ஆடியது. லேசாகத் தூக்கினார். ஒரு கையோடு வந்துவிட்டது. அடிப்பாகம் ரம்பத்தால் அறுபட்டு, மேஜைக்கால் போல வழவழவென்றிருந்தது.

சத்தம் கேட்டு ஆரோக்கியம்மாள் கரண்டியோடு வந்தாள். முதலில் கொடியைத்தான் பார்த்தாள். அறுபடவில்லை.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"குழியில எறக்குனவ நானுதானங்க."

"மொத நாளேவா? ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா எட்டு வாளி ஊத்தியிருப்பீகளா?"

அவர் யோசித்தார். மாட்டார்தான். 

"பழுத்த குச்சி தெனமும் கொறஞ்சுதே."

"நான்தான் ஒடிச்சேன். ஒங்க வெந்நி அடுப்புக்கு."

காலைப் பனி எந்த அடுப்பிலிருந்து வந்தது என்று இனிக் கேட்க வேண்டியதில்லை. சகாயராஜுக்கு உள்ளே திண்டுக்கல் மெதுவாகத் தன் பழைய உயரத்துக்கு இறங்கியது. மேகம் கோட்டையை விட்டுக் கிளம்பியது. வெயில் உறைத்தது. கடைசியாக ஒரு வாதம் பாக்கியிருந்தது.

"பாகக்கா இந்த வீட்டுக்குள்ள..."

"காசு குடுத்து வாங்குனதுதான வரக்கூடாதுன்னீக? வரல. இது நீங்க தண்ணி ஊத்தி வளத்தது. வறுத்து வச்சிருக்கேன். மரத்த நட்டுட்டுக் கைகழுவுங்க." அவள் உள்ளே போகத் திரும்பினாள். "பாத்து நடுங்க. மேல இன்னும் பதினேழு பிஞ்சு கெடக்கு."

"பத்தொம்பது" என்றார் சகாயராஜ்.